காலி இருக்கையில் ஓர் எலுமிச்சம்பழம்

மலையடிவாரத்து ரோடு குரங்குப்பாலத்தை நோக்கித் திரும்புகிற வளைவில், தவசியின் கார் புளியமரத்தில் மோதி, முன்பக்கம் தகர டப்பாபோல நசுங்கி, ஆனால் தவசி மட்டும் தலைமுதல் கால்வரை வெள்ளைப் பொடி அப்பிக்கொண்டு கீறல்கூட இல்லாமல் இறங்கி நடந்துவந்து, சம்மனசு மேரியின் டீக்கடையில் உட்கார்ந்து, "மரம் எனக்குத் தலகாணி குடுத்துச்சு தாயி" என்று சொல்லி டீயும் வடையும் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போன பிறகுதான், வெள்ளைப்பாறை என்ற அந்த ஊரில் விளக்கு எரிகிற காலம் தொடங்கியது.

ஊருக்கு இருந்தது அந்த ஒரு வாடகைக் கார்தான். அதைச் சரிசெய்து ரோட்டில் விடுகிற பொறுப்பு, பெட்ரோல் பங்குக்கு எதிரே பட்டறை வைத்திருந்த ஜெயவீரன் தலையில் விழுந்தது. ஜெயவீரன் தகரத்தைத் தட்டினான், பம்பரை மாட்டினான், மோதும்போது பைபோல ஊதித் தவசியைத் தாங்கிவிட்டு வெடித்துத் தொங்கிய ஏர்பேக்கைக் கழற்றிப் புதியது போட்டான். ஆனால் அந்தப் பையை ஊதவைக்கிற, கியருக்குக் கீழே ஒளிந்திருக்கும் ஏர்பேக் மாடியூல் இருக்கிறதே, ஊர்க்காரர்கள் பிற்பாடு பயபக்தியோடு 'பெட்டி' என்று சொன்னார்களே, அது ஒரு பிடிவாதக்காரப் பொருள். ஒருமுறை மோதலைப் பார்த்துவிட்டால் அதை மறக்கவே மறக்காது, பூட்டிக்கொண்டுவிடும். புதுப் பெட்டி வரவழைத்து, அதற்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். இதுதான் உன் கார், இதுதான் சேஸ் நம்பர், இத்தனை பேர் உட்காரலாம், பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் இப்படி இருக்கும், ஆள் இருந்தால் அப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாக.

பெட்டி பார்சலில் வந்த அன்று காலை, ஜெயவீரன் ஸ்டீயரிங்குக்கு அடியில் வயரைச் சொருகி, மடிக்கணினியை ஸ்டூல்மேல் வைத்து, பாதியில் கரண்ட் குறைந்தால் பெட்டி செத்துப்போகும் என்பதால் பேட்டரிக்குச் சார்ஜர் போட்டு, யாரும் வண்டியைத் தொடக்கூடாது, கதவைச் சாத்தக்கூடாது, சத்தமாகத் தும்மக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பரீட்சை எழுதுகிறவனைப் போல உட்கார்ந்திருந்தான். பாதி தூரம் போனதும் திரை கேட்டது: பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறதா?

"சீட்டு காலியாண்ணே?" என்று ஜெயவீரன் தலையைத் தூக்காமல் கேட்டான்.

தவசி எட்டிப் பார்த்தார். விபத்தில் சிக்கிய வண்டி மறுபடி ரோட்டுக்குப் போகிறது என்பதால், காலையிலேயே கருப்பசாமி கோயிலில் வைத்து வாங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று, குங்குமம் தடவி, பக்கத்து இருக்கையின் நட்டநடுவில் அவரே வைத்தது, அங்கே உட்கார்ந்திருந்தது.

"காலிதான்ய்யா. சாமி மட்டுந்தேன் இருக்கு."

அந்த ஊரில் யாரும் சாமிக்கு வைத்த எலுமிச்சம்பழத்தைப் பொருளாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஜெயவீரனும் எடுத்துக்கொள்ளவில்லை. பொத்தானை அழுத்தினான். இருக்கை காலி என்பது பதிவாகிவிட்டது, இனி மாற்ற இயலாது என்று திரை சொன்னது. இப்படியாக, சாமி உட்கார்ந்திருப்பதைக் காலி என்று கற்றுக்கொண்ட ஒரு பெட்டி, வெள்ளைப்பாறைக்கு வந்து சேர்ந்தது.

சாவியைத் திருப்பினால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன், வயிற்றுக்கு முன்னால் ஒரு பெரிய பந்து, அதுதான் படம். கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அணைய வேண்டும். அணைந்தால் எல்லாம் சரி என்று பொருள். தவசி தனியாக ஓட்டிப் பார்த்தபோது அணைந்தது. மறுநாள் பால் சொசைட்டி செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்ததும் எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. "இந்த லொடலொட்டை வண்டியில எவன் வருவான்" என்று அவர் இறங்கித் தன் பைக்கில் போனார், குரங்குப்பாலத்தில் வழுக்கி விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். அடுத்து ஒரு நெல் வியாபாரிக்கு எரிந்தது, அவர் டிராக்டரிலிருந்து விழுந்தார். பிறகு கறிக்கடைக்காரர். அதற்குமேல் ஊருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

யாரும் ஆச்சரியப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மழை வரும் வராது என்று ரேடியோ சொல்வதில்லையா, அதுபோல இது ஒரு வசதி என்று எடுத்துக்கொண்டார்கள். விடிந்ததும் வெளியூர் போகிறவர்கள் தவசி வீட்டு வாசலில் வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருவர்பின் ஒருவராக அந்த இருக்கையில் உட்கார்ந்து, விளக்கு அணைவதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறப் போனார்கள், பஸ்ஸும் வரிசை முடியும்வரை ஆரன் அடிக்காமல் காத்துக்கொண்டிருந்தது, சம்மனசு மேரி டீக்கடையைப் பெயர்த்துக்கொண்டு வந்து வரிசைக்குப் பக்கத்திலேயே போட்டாள், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளைக் கைகழுவச் சொல்வதற்கு முன்னால் காரில் உட்காரச் சொன்னார்கள், துபாய்க்குக் கிளம்பிய புருஷனுக்கு விளக்கு எரிய வேண்டும் என்று ஒருத்தி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், எரியவில்லை, அழுதாள். இருக்கையிலிருந்து எடுத்து வைத்த அந்த எலுமிச்சம்பழம் மட்டும் முன்கண்ணாடிக்குக் கீழே, வாடாமல், பறித்த அன்று இருந்த மினுமினுப்போடு கிடந்தது. அதையும் யாரும் அதிசயமாகப் பேசவில்லை, எடுத்து வீசவும் இல்லை.

விளக்கு எரிந்தவர்களுக்கென்று ஒரு நடைமுறை தானாக உண்டாயிற்று. அவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், கல்யாணத்துக்கு அழைக்க மாட்டார்கள், எந்த வண்டிக்காரரும் அவர்களை ஏற்ற மாட்டார். விளக்கு அணையும்வரை சன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். சோம்பேறிகளுக்கு முதலில் இது கொண்டாட்டமாக இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, சோம்பேறிகளும் விளக்குக்குப் பயப்படத் தொடங்கினார்கள்.

தொடக்கத்தில் ஜெயவீரன் சொல்லிப் பார்த்தான். "விளக்கு எரிஞ்சா மோதப் போகுதுன்னு அர்த்தமில்லய்யா. மோதினா என்னால இவரத் தாங்கிப் பிடிக்க முடியாதுன்னு பெட்டி சொல்லுது. அம்புட்டுத்தேன்." யார் கேட்டார்கள்? செயலாளர் விழுந்ததற்குப் பிறகு குரங்குப்பாலத்தில் அந்தப் பருவம் முழுக்க ஒரு விபத்துகூட நடக்கவில்லை. ஊர் அவனை விளக்குக்காரர் என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தது, கோயிலில் முதல் விபூதி அவனுக்குக் கொடுத்தார்கள். மரியாதை கிடைக்கிற இடத்தில் மறுப்புச் சொல்ல யாருக்கு மனசு வரும். கொஞ்ச நாளில் அவனே அந்தப் பேச்சை விட்டுவிட்டான், காலையில் பட்டறைக்குக் கிளம்புமுன் அவனும் இருக்கையில் ஒருதரம் உட்கார்ந்து எழுந்தான்.

அப்போதுதான் அவன் மனைவி நாகஜோதிக்கு விளக்கு எரிந்தது.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தரித்த பிள்ளை. மாதப் பரிசோதனைக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளம்பியவள், நிறைந்த வயிற்றோடு இருக்கையில் உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது. "என்னையத்தேன் படம் போட்டு வச்சிருக்கான், பந்தும் கையுமா" என்று சிரித்தாள். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. மறுநாளும் எரிந்தது, அதற்கு மறுவாரமும் எரிந்தது. சம்மனசு மேரி டீயை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள், உள்ளே வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்த கிராம நர்ஸ் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொன்னாள்.

"பிள்ள குறுக்க கெடக்கு. இங்க வச்சுப் பாக்க முடியாது. வலி எடுத்துச்சுன்னா ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும். இல்லேன்னா ரெண்டு பேருமே தங்க மாட்டாக."

ஆஸ்பத்திரிக்குப் போக ஒரே ரோடுதான், அது குரங்குப்பாலம் வழியாகத்தான் போகிறது. ஜெயவீரனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பொண்டாட்டியை ரோட்டில் விட்டால் சாவு, வீட்டில் வைத்தால் சாவு என்று அவன் நம்பினான், இரண்டையும் முழுசாக நம்பினான். அதுதான் அவன் பட்ட பாடு.

வலி ஒரு சந்தை நாள் மத்தியானம் வந்தது, நாள் கூடுவதற்கு முன்னாலேயே. நர்ஸ் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். அது மலைமேல் வேறோர் ஊருக்குப் போயிருக்கிறது, இறங்கிவர நேரமாகும் என்றார்கள். அவ்வளவு நேரம் கிடையாது என்று நர்ஸ் சொன்னாள். ஆட்டோக்காரர் இரண்டு கையையும் கூப்பினார். சந்தைக்கு வந்த டெம்போக்காரர் வண்டியைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டார். இருக்கையைச் சாய்த்துப் படுக்க வைக்கிற வசதி தவசியின் காரில்தான் இருந்தது. நாகஜோதியைத் தாங்கிக் கொண்டுவந்து அதில் சாய்த்தார்கள். தவசி சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் சாவியை எடுத்துவிட்டு இறங்கினார்.

"என்னைய மன்னிச்சிரு ஜெயவீரா. எரியிற வெளக்க வச்சிக்கிட்டு நான் அந்தப் பாலத்த ஏற மாட்டேன். எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

ஊரே சுற்றி நின்றது, ஆனால் காரிலிருந்து தள்ளி நின்றது. ஜெயவீரன் ஓடிப்போய் மடிக்கணினியை எடுத்துவந்தான். வயரைச் சொருகினான். எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தூக்கி எறிந்தான், மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொடுக்கப் பார்த்தான். மாற்ற இயலாது என்றது திரை. சேஸ் நம்பரைத் திரும்ப அடித்தான். மாற்ற இயலாது. நாகஜோதி பல்லைக் கடித்துக்கொண்டு கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள், அவள் நெற்றி வேர்வை கழுத்தில் வழிந்தது. ஜெயவீரன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். ஏமாற்றி விற்கிற பட்டறைகளில் செய்வார்களே, மீட்டரைப் பிரித்து அந்த ஒரு பல்பை மட்டும் பிடுங்கிவிடுவார்களே, அவன் ஆயுசில் செய்யாத அந்தக் காரியத்தைச் செய்ய மீட்டரில் கையை வைத்தான்.

"எதுக்குங்க அத நோண்டுறீங்க?" என்றாள் நாகஜோதி.

"பல்ப எடுத்துர்றேன். எரியாது. தவசியண்ணே வண்டிய எடுத்துருவாரு."

"எடுத்தா நமக்குத் தெரியாமப் போகும். பெட்டிக்குத் தெரியாமப் போகுமா?" அவள் மூச்சு வாங்கினாள். "நீங்கதான மொதல்ல சொன்னீங்க. மோதப் போகுதுன்னா அது சொல்லுது? என்னால தாங்கிப் பிடிக்க முடியாதுன்னுதான சொல்லுது. இம்புட்டு வயித்த முட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், அந்தப் பை வெடிச்சா எம்பிள்ள என்னாகும்? அது உள்ளதத்தான் சொல்லுது."

"ஜோதி..."

"எரிஞ்சும் போயி விழுந்தாகளே, பால்காரரு, நெல்லுக்காரரு, கறிக்கடக்காரரு, அம்புட்டுப் பேரும் ஒத்தையில போனவுக. யாராச்சும் கூடப் போனீகளா?" என்று அவள் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள், வலியைவிடக் கோபம் பெரிதாக இருந்தது அந்தக் குரலில். "அதால தாங்க முடியலேன்னா, தாங்குறதுக்கு வேற ஆளு வேணும்னு அர்த்தம். வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டுன்னு அர்த்தமா?"

சந்தையில் ஒரு ஆடு கத்தியது. சம்மனசு மேரி அடுப்பை அணைத்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, காரின் பானெட்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"தவசியண்ணே, ஏறுங்க. நான் முன்னால நடக்கேன். எதுவும் வந்தா மொதல்ல என்னையக் கேட்டுட்டு வரட்டும்."

அதற்குப் பிறகு யார் முதலில், யார் இரண்டாவது என்று சொல்ல முடியாது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்தார்கள், சந்தைக்காரர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள், விளக்கு எரிந்து வாரக்கணக்கில் சன்னலுக்குப் பின்னால் கிடந்தவர்கள் கதவைத் திறந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள், பால் சொசைட்டி செயலாளர் ஒரு கை கட்டோடு இன்னொரு கையைக் கொண்டுவந்தார், முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் காரின் மேல் கை வைக்க இடம் இல்லாதவர்கள் கை வைத்தவர்களின் தோளில் கை வைத்தார்கள். தவசி அழுதுகொண்டே வண்டியை எடுத்தார். முதலில் நடந்தார்கள், பிறகு நர்ஸ் சத்தம் போட்டதால் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஜெயவீரன் சன்னல் வழியாக நாகஜோதியின் கையைப் பிடித்தபடி ஓடினான், விளக்கைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தான்.

குரங்குப்பாலத்து வளைவில் ஆரன் கேட்டது.

விட்டு விட்டு அடிக்கிற ஆரன் இல்லை அது, கையை எடுக்காமல் அழுத்துகிற ஆரன். மலையிலிருந்து செங்கல் லோடு ஏற்றி வந்த லாரி, பிரேக் பிடிக்காமல், கதவுக்கு வெளியே டிரைவர் கையை ஆட்டி விலகு விலகு என்று கத்த, பாலத்தின் மறுமுனையில் இறங்கியது. பாலமோ ஒரு வண்டிப் பாலம். பின்னால் எடுக்க வழியில்லை, பின்னால் முழுக்க ஜனம். தவசி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். இப்போது சிதறி ஓடுவார்கள் என்று ஜெயவீரன் நினைத்தான். யாராக இருந்தாலும் ஓடுவார்கள், அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

"தூக்குங்கய்யா!" என்று சம்மனசு மேரி கத்தினாள்.

தூக்கினார்கள். சக்கரம், பம்பர், கதவடி, எது கையில் அகப்பட்டதோ அதைப் பிடித்து, திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர்கள் போடுகிற சத்தத்தைப் போட்டுக்கொண்டு, நாகஜோதியும் தவசியும் உள்ளே இருக்க அந்தக் காரைத் தரையிலிருந்து தூக்கி, தோள் உயரத்துக்கு ஏற்றி, ரோட்டைத் தாண்டி, தவசி மோதிய அதே புளியமரத்தின் அடிக்குக் கொண்டுபோனார்கள். லாரி அவர்கள் முதுகுக்குப் பின்னால் காற்றையும் செங்கல் தூசியையும் வாரி இறைத்துக்கொண்டு போய், தூரத்து மேட்டில் ஏறி, தானாக ஓய்ந்து நின்றது. கார் அப்போதும் காற்றில் இருந்தது. கீழே வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"ஏங்க," என்றாள் நாகஜோதி உயரத்திலிருந்து. "அணைஞ்சிருச்சு."

ஜெயவீரன் எம்பிப் பார்த்தான். விளக்கு அணைந்திருந்தது. அப்படியே சுமந்துகொண்டு பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரிவரை ஓடினார்கள், அத்தனை கையும் காரின் மேல் இருந்தவரை அது எரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கைகளை எடுத்ததும் மறுபடி எரிந்தது, ஆனால் அதற்குள் நாகஜோதியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஊர் முழுக்க ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சிராய்த்த உள்ளங்கைகளை ஊதிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டுக் காத்திருந்தது. பொழுது சாயும்போது நர்ஸ் வெளியே வந்தாள். பெண் பிள்ளை, வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள், இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றாள். ஜெயவீரன் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். சந்தோஷத்தில் அழுகிறவனைத் தேற்றத் தெரியாமல் தவசி அவன் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார்.

புண் ஆறி வீட்டுக்குக் கிளம்புகிற காலையில், பின்சீட்டில் உட்கார் என்று எல்லாரும் சொல்லியும் நாகஜோதி கேட்கவில்லை. அந்த இருக்கையில்தான் உட்காருவேன் என்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தவசி சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. இதுவரை யாருக்கும் எரியாத அளவுக்கு, வெயிலிலும் தெரிகிற மாதிரி எரிந்தது. அவ்வளவு சின்ன உயிரைத் தாங்க எந்தப் பெட்டியாலும் முடியாதுதான். பின்சீட்டில் இருந்த ஜெயவீரன் அவள் தோளில் கையை வைத்தான். தவசி சாவியிலேயே கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எரியட்டும்ணே," என்றாள் நாகஜோதி. "நீங்க எடுங்க."

தவசி எடுத்தார். குரங்குப்பாலத்து வளைவில், புளியமரத்தடியில், சம்மனசு மேரியும் மற்றவர்களும் கைகளை வேட்டியிலும் முந்தானையிலும் துடைத்துக்கொண்டு, ரோட்டின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள்.